விரல் உயரச் சிப்பாய்க்கு நம்மவர் முகம்

கோலாலம்பூரில் மாதிரி விமானங்களும் ‘கண்டாம்’ ரோபோ பெட்டிகளும் விற்கும் கடைக்குப் பிள்ளையை அழைத்துப் போயிருப்பீர்கள். அலமாரியின் ஒரு மூலையில் விரல் உயரச் சிப்பாய்கள் அடங்கிய பெட்டி ஒன்றும் கண்ணில் பட்டிருக்கும். தலை தனி, கை தனி, துப்பாக்கி தனியாகச் சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் வரும். அதை ஒட்டி, வண்ணம் பூசி, மேசையில் நிறுத்தி ஆடுவது உலகம் முழுக்க இருக்கும் ஒரு பொழுதுபோக்கு. கோலா சிலாங்கூர் வட்டாரத்தில், புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ வீட்டில் உட்கார்ந்தபடி அதை எப்படித் தொடங்குவது, அந்தச் சிப்பாயை நம்மவராக மாற்றுவது எப்படி என்பதைச் சொல்கிறேன்.

அது என்ன விளையாட்டு?

சதுரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டம் மட்டும் கிடையாது. மேசையே நிலம். ஒரு முறைக்கு ஒரு சிப்பாய் இத்தனை அங்குலம் நகரலாம் என்று விதி இருக்கும். அளவு நாடா வைத்து நகர்த்துவீர்கள். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ‘டைம் மெஷின்’ நாவலை எழுதிய எச்.ஜி.வெல்ஸ் இதற்கென்றே ‘லிட்டில் வார்ஸ்’ என்ற விதி நூலை 1913-இல் வெளியிட்டார். வரலாற்றில் உண்மையாக நடந்த போர்களை மேசையில் கொண்டு வருவது இதில் ஒரு தனிக் கிளை. நான் சொல்வது அதைப் பற்றி.

பெரியவர்கள் பொம்மை வைத்து விளையாடுவதா என்று கேட்பீர்கள். ஆடுவது ஒரு மாலைப் பொழுது. அதற்கு முன்னால் வண்ணம் பூசவும் படம் தேடவும் படிக்கவும் பல வாரம் போகும். நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டாருக்கு இந்த உழைப்பின் ருசி நன்றாகவே தெரியும்.

நம் ஊரில் அப்படி என்ன போர் நடந்தது?

நிறைய. கோலா சிலாங்கூரின் புக்கிட் மெலாவத்திக் குன்றில் குரங்குகளுக்குத் தீனி போட்டுவிட்டு பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். 1784-இல் டச்சுக்காரர்கள் அந்தக் குன்றைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங் பெயரில் ஆல்டிங்ஸ்பர்க் கோட்டை என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் பகாங்கின் உதவியோடு வந்து அதை மீட்டார். பிறகு 1867 முதல் 1874 வரை சிலாங்கூர் உள்நாட்டுப் போர். அதன் நடுவில், 1871-இல், ‘ரினால்டோ’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கோலா சிலாங்கூர் மீது குண்டு வீசியது. அந்த உள்நாட்டுப் போரின் அடியில் இருந்தது வெள்ளீய வருமானம். இன்று கடையில் கிடைக்கும் உலோகச் சிப்பாய்களில் பெரும்பங்கு வெள்ளீயம்தான். இந்த மண்ணில் யாருக்கு என்று அடித்துக்கொண்ட அதே உலோகம்.

ஆனால் முதல் மேசைக்கு நான் பரிந்துரைப்பது 1942 ஜனவரி. காரணம், அந்தக் கதையில் நம் தோட்டங்கள் நேராக வருகின்றன. கோலா சிலாங்கூரில் கடல்வழியே கரையேற முயன்ற ஜப்பானியரை ஜனவரி 2-ஆம் தேதி பீரங்கிகள் விரட்டின. இரண்டே நாளில் அவர்கள் கரையோரமாக வடக்கிலிருந்து இறங்கி வந்தார்கள். சிலாங்கூர் ஆற்றை ஒட்டி, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் (இன்றைய பெஸ்தாரி ஜெயா), அவர்களைத் தடுக்க 6/15 இந்தியப் பிரிகேட் அனுப்பப்பட்டது. ஜனவரி 11-இல் கோலாலம்பூரே விழுந்தது. கித்தா மரங்களுக்கு நடுவே இந்தியச் சிப்பாயும் ஜப்பானியச் சிப்பாயும் ஒருவரை ஒருவர் தேடியபோது, லயத்து வீடுகளில் இருந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்.

அதன் தொடர்ச்சியும் நம்முடையதுதான். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு, தோட்டத்துத் தமிழர்கள் ஏராளமாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்களுக்கென்று ஜான்சி ராணி படை அமைந்தது. கேப்டன் லட்சுமி தலைமையேற்றார்; கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் அதன் அதிகாரிகளில் ஒருவர். பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி பிடித்த கதை அது. அந்த ஆளைக் கடைப் பெட்டியில் தேடாதீர்கள். நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

எந்த அளவுச் சிப்பாய் வாங்குவது?

இரண்டு அளவுகள் எளிதாகக் கிடைக்கும். 1/72 என்றால் உண்மையான ஆளை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கியது. இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். விலை மலிவு, ஒரு பெட்டியில் நிறைய ஆட்கள். இன்னொன்று 28 மி.மீ. எனப்படுவது, ஏறத்தாழ 1/56. முகம் தெளிவாக இருக்கும், ஒட்டவும் வெட்டவும் வசதி. கண் பார்வை கொஞ்சம் மங்கிய வயதினருக்கும், உருவை மாற்றி அமைக்க நினைப்பவர்களுக்கும் 28 மி.மீ. நல்லது. இரண்டையும் ஒரே மேசையில் கலக்காதீர்கள். பெரியவர் பக்கத்தில் குழந்தை நிற்பது போலத் தெரியும்.

முதலில் எத்தனை பேர்? பத்துப் பன்னிரண்டு பேர் போதும். ஆசையில் நூறு பேரை வாங்கிப் பெட்டியோடு அலமாரியில் வைத்தவர்கள் அதிகம்.

கருவிகளுக்காக அலைய வேண்டாம். கண்டாம் பெட்டி விற்கும் கடையிலேயே சின்ன வெட்டுக் குறடு, கத்தி, அரம், பிரைமர் (வண்ணம் பிடித்துக்கொள்ள முதலில் அடிக்கும் பூச்சு), நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் எல்லாம் கிடைக்கும். தூரிகையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நுனி கூராகச் சேரும் நல்ல தூரிகை ஒன்று, முரட்டு வேலைக்கு மலிவானது இரண்டு.

பசையில் ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் சிப்பாய்க்கு பிளாஸ்டிக் சிமெண்ட் (இரு பக்கத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக்கும் பசை). உலோகத்துக்கு அது ஒட்டவே ஒட்டாது. சூப்பர் குளூ வேண்டும். 1/72 பெட்டிகளில் வரும் வளையும் பிளாஸ்டிக் வேறு ரகம். அதில் பூசிய வண்ணம் உரிந்து வரும். சோப்பு நீரில் கழுவி, காய்ந்ததும் மரவேலைக்கான வெள்ளைப் பசையை நீர்த்து மெலிதாகத் தடவி, அதன் மேல் பூசுங்கள். பெரும்பாலும் நிற்கும்.

ஆளை எப்படி மாற்றுவது?

உருமாற்றம் (ஒரு காலத்துக்கும் படைக்கும் செய்த உருவை வெட்டி ஒட்டி வேறொருவராக்குவது) என்றதும் பயப்பட வேண்டாம். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் ஆட்கள், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியரிடம் சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினர். உடுப்பு அதே காக்கி, துப்பாக்கி அதே லீ-என்ஃபீல்டு. ஆகவே பெர்ரி நிறுவனம் வட ஆப்பிரிக்கப் போருக்காக 28 மி.மீ. அளவில் செய்திருக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்ப் பெட்டி நமக்கு நல்ல தொடக்கம். பெரும்பாலான வேலை கழுத்துக்கு மேல்தான்.

இரும்புத் தொப்பி இல்லாத தலை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் தொப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுங்கள். கத்தி எப்போதும் கட்டை விரலுக்கு எதிர்த் திசையில் போகட்டும். பிறகு பக்கத் தொப்பி (படகைக் கவிழ்த்தது போலத் தலையில் சாய்வாக அமரும் துணித் தொப்பி) செய்ய வேண்டும். அதற்கு எபாக்ஸி பசைமண் (மஞ்சளும் நீலமுமாக இரண்டு பகுதி, பிசைந்தால் பச்சையாகி மறுநாள் கல்லாகிவிடும்) தேவை. சம அளவு எடுத்து, கோடு தெரியாமல் ஒரே பச்சையாகும் வரை பிசையுங்கள். உடனே வேலையைத் தொடங்காதீர்கள், விரலில்தான் ஒட்டும். அரை மணி நேரம் விட்டால் சற்று இறுகி, சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஒரு பச்சைப்பயறு அளவு போதும். உருட்டி, நீளமாக்கி, தலை மேல் வைத்து, இரு பக்கமும் ஈரமான பல்குச்சியால் அழுத்தி மேலே ஒரு விளிம்பு எழுப்புங்கள். குச்சியை அடிக்கடி தண்ணீரில் தொடாவிட்டால் தொப்பி குச்சியோடு வந்துவிடும். நடுவில் ஒரு கோடு கீறினால் மடிப்பு. கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தால் ஆள் உயிர் பெற்றுவிடுவார். முதல் தொப்பி தோசை போலத்தான் வரும். நான்காவது சரியாக வரும்.

அரைக் கால்சட்டையை முழுக் கால்சட்டை ஆக்க, அதே மண்ணை மெல்லிய அப்பளமாகத் தட்டிக் காலைச் சுற்றி, முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மடிப்புக் கோடு கீறினால் போதும். ஜான்சி ராணி படைப் பெண் செய்ய நினைத்தால், அக்காலப் படங்களில் தொடைப் பக்கம் புடைத்த கால்சட்டையைக் கவனியுங்கள். மண்ணைத் தொடையில் மட்டும் தடிமனாக வையுங்கள். கடையில் கிடைக்கும் பெண் உருவங்களின் இடுப்பும் மார்பும் பல சமயம் மிகையாக இருக்கும். மெலிந்த ஆண் உருவத்தை எடுத்து, கழுத்துக்குப் பின்னால் ஒரு கொண்டை வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தோட்ட வேலை செய்த உடம்பு அது.

நம் நிறத்தை எப்படிக் கொண்டு வருவது?

உருவைக் கெடுத்துவிடும் இடம் இதுதான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பெரும்பாலான வழிகாட்டிகள் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ‘அடிநிறத்தோடு வெள்ளை சேர்த்து மேடான இடங்களில் தொடு’ என்பார்கள். பழுப்பில் வெள்ளை சேர்த்தால் என்ன ஆகும்? முகத்தில் சாம்பல் பூசியது போல ஆகிவிடும். கறுப்பைச் சேர்த்து நிழல் போட்டால் உயிரில்லாத முகம் ஆகும்.

கண்ணாடி முன் நின்று உங்கள் கன்ன எலும்பைப் பாருங்கள். வெளிச்சம் படும் இடம் வெளுப்பாகவா தெரிகிறது? தேனின் நிறமாகத் தெரியும். நிழலில் சிவப்பு கலந்த கரும்பழுப்பு. அதுவே கணக்கு.

முதலில் முகம் முழுக்கச் சாக்லேட் பழுப்பு. காய்ந்ததும் அதில் கொஞ்சம் சிவந்த பழுப்பைச் சேர்த்து, கண் குழியையும் மூக்கின் ஓரத்தையும் விட்டுவிட்டு மற்ற இடங்களில் பூசுங்கள். மூன்றாவதாக அந்தக் கலவையில் ஆரஞ்சு சாயல் உள்ள மணல் நிறம் ஒரு துளி. அது மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, முகவாய், காது மடல், விரல் கணு ஆகிய இடங்களுக்கு மட்டும். கீழுதட்டுக்குச் சற்று ஊதா கலந்த சிவப்பு. உள்ளங்கையும் பாதத்தின் அடியும் வெளிறியே இருக்கும். வெறுங்காலோடு ஓடும் ஆள் என்றால் அதை மறக்காதீர்கள்.

எல்லாருக்கும் ஒரே கலவையா? கூடாது. நம் வீட்டிலேயே அண்ணன் ஒரு நிறம், தங்கை ஒரு நிறம். ஒரு சிறு தட்டில் மூன்று கலவை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேருக்குப் பிரித்துப் பூசுங்கள். முடிக்கும் வெறும் கறுப்பு வேண்டாம். நீலம் ஒரு சொட்டுக் கலந்த கறுப்பு நல்லெண்ணெய் தேய்த்த தலை போலப் பளபளக்கும்.

கண்ணுக்கு வெள்ளை வைப்பதா? வைத்தால் தந்த நிறம் வையுங்கள். சுத்த வெள்ளை வைத்தால் ஆள் பேயைக் கண்டவர் போல விழிப்பார். நம் கோயில் சிலைகளுக்குக் கண் திறப்பது கடைசி வேலை. இங்கே நான் தலைகீழாகச் செய்கிறேன். அடிநிறம் முடிந்ததுமே கண்ணை வைத்துவிட்டால், பிசகியதைச் சுற்றியுள்ள தோல் நிறத்தால் திருத்திக்கொள்ளலாம். கை நடுங்குகிறதா? இரு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, இரு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று ஒட்ட வையுங்கள். நடுக்கம் பெருமளவு போய்விடும்.

காக்கிக்கு ஒரே ஒரு நிறமா?

காக்கி என்ற சொல்லே தூசி, புழுதி என்ற பொருளில் வந்தது. புதுச் சட்டை ஒரு நிறம், வெயிலில் பத்து முறை துவைத்தது வேறு நிறம். ஆளுக்கு ஆள் சற்று மாற்றிப் பூசினால், நாற்பது வயதுப் பழைய சிப்பாயையும் நேற்றுத் தோட்டத்திலிருந்து வந்த பையனையும் உடுப்பே காட்டிக்கொடுக்கும். எல்லாம் முடிந்ததும் நீர்த்த கரும்பழுப்பை (தண்ணீர் போல ஓடி மடிப்புகளில் தங்கும் பூச்சு) மேலெல்லாம் விட்டால் நிழல் தானே வந்து அமரும்.

நம் ஊர் ஈரக்காற்று என்ன செய்யும்?

வெளிநாட்டு வழிகாட்டியில் இதற்கு இரண்டு வரிதான் இருக்கும். நமக்கு இதுதான் பெரிய வில்லன். மினுமினுப்பில்லாத வார்னிஷைத் தெளிப்பானில் அடிக்கும்போது காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், உரு மேல் வெள்ளையாகப் பனி படிந்துவிடும். மழை விட்ட ஒரு மாலையில் அவசரப்பட்டு அடித்து, மூன்று வாரம் உழைத்த பன்னிரண்டு பேரையும் நான் மாவில் புரட்டியது போல ஆக்கியிருக்கிறேன்.

அதிகாலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஈரம் அதிகம் உள்ள நேரமே அதுதான். நல்ல வெயில் நாளில் காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் மழை கட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். தெளிப்பானை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரே ஓர் உருவில் முதலில் சோதியுங்கள். பனி படிந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். தூரிகையால் மினுமினுப்பு வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்தால் பல சமயம் அடியில் உள்ள நிறம் திரும்பத் தெரியும். ஐயம் இருந்தால் தெளிப்பானே வேண்டாம், எல்லாப் பூச்சையும் தூரிகையால் செய்யுங்கள். நேரம் ஆகும், நிம்மதி உண்டு.

உடம்புக்குக் கெடுதல் உண்டா?

பழைய உலோக உருவங்களில் காரீயம் இருக்கலாம். யாரோ கொடுத்த பழைய பெட்டி என்றால், அரம் போடும்போது ஈரமாக்கிப் போடுங்கள், தூளைத் துடைத்தெறியுங்கள், கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள். சிறு பிள்ளைகள் கைக்குக் கொடுக்கவே வேண்டாம். தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை வளர விடாதீர்கள். முப்பரிமாண அச்சில் வரும் ரெசின் உருவங்களைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

தோட்டத்தை மேசையில் எப்படிக் கொண்டு வருவது?

இதில் நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் காடு செய்பவர்கள் மரங்களைச் சிதறி வைப்பார்கள். கித்தாக் காடு அப்படி இருக்காது. நேர் நேராக நிரை இருக்கும். நிரைக்கு நிரை ஆறு மீட்டர் என்று வைத்தால், 56-ஆல் வகுக்க ஏறத்தாழ பதினொரு சென்டிமீட்டர் வருகிறது. முற்றத்தில் கிடக்கும் நேரான குச்சிகளை அந்த இடைவெளியில் நடுங்கள். ஆடும்போது அதன் பலனைப் பார்ப்பீர்கள்: நிரை வழியே பார்த்தால் வெகுதூரம் தெரியும், குறுக்கே பார்த்தால் நாலு மரத்துக்கு மேல் தெரியாது. எங்கே ஆளை நிறுத்துவது என்ற யோசனையே மாறிவிடும்.

ஒவ்வொரு குச்சியிலும் சாய்வாக ஒரு வெட்டுக் கீறி, அதன் கீழ் ஒரு கடுகை ஒட்டி வெள்ளைப் புள்ளி வையுங்கள். அதுதான் பால் பிடிக்கும் மங்கு. இதைச் செய்து மேசையில் வைத்தபோது, எங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் சிப்பாய்களைப் பார்க்கவே இல்லை. அந்த மங்குகளையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

மக்கள் செத்த போரை விளையாடலாமா?

கேட்க வேண்டிய கேள்வி. நான் எனக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறேன். ஆயுதம் ஏந்திய இரு படைகள் எதிரெதிர் நின்ற சண்டையை மேசையில் வைப்பேன். சயாம் மரண ரயிலை வைக்க மாட்டேன். தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன நம்மவர் ஆயிரக்கணக்கானோர் அங்கே மடிந்த கதைக்குப் பகடை உருட்ட என் கை வராது.

உண்மையையும் வளைக்க வேண்டாம். ஜான்சி ராணி படை பர்மாவில் மெய்மியோ வரை போனது; முன்னணிச் சண்டையில் இறங்க வாய்ப்பு வரவில்லை. அவர்களை இம்பால் போர்க்களத்தில் நிறுத்தினால் அது கற்பனை ஆட்டம் என்று சேர்ந்து ஆடுபவரிடம் சொல்லிவிடுங்கள். 1945-இல் ரங்கூனிலிருந்து அவர்கள் பின்வாங்கிய நெடும்பயணம் உண்மை. ஆற்றைக் கடந்து, விமானத்துக்கு மறைந்து, கூட்டம் சிதறாமல் மேசையின் மறுமுனை சேர வேண்டும் என்று விதி வைத்தால், சுடாமலே ஒரு கடினமான ஆட்டம் கிடைக்கும்.

கடைசியில் அடித்தட்டு. சிப்பாய் நிற்கும் வட்டத்தில் வெள்ளைப் பசை தடவி மண்ணைத் தூவ வேண்டும். கடற்கரைப் பக்க ஆள் என்றால் சாம்பல் களி, உள்தோட்டத்து ஆள் என்றால் சாலைச் செம்மண். எடுத்த மண்ணைச் சலித்து, பழைய சட்டியில் வறுத்து, ஆறிய பிறகு பயன்படுத்துங்கள். வறுக்காவிட்டால் ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். தட்டின் அடியில் எந்தக் கலவையால் முகத்தைப் பூசினீர்கள் என்பதைக் கூரிய பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே குடும்பத்துத் தம்பி ஒருவனைச் செய்ய நினைக்கும்போது தேடுவீர்கள்.